ஆர்.எக்ஸ். 100-க்கு ரெட்டைப் பேக்கிங் போட்ட வருஷம்

என்னிடம் இருப்பது 1994-ம் வருஷத்து யமஹா ஆர்.எக்ஸ். 100. சித்தப்பா புதுசாக வாங்கியது. அவர் கால் முட்டி கிக்கர் அடிக்க ஒத்துழைக்காத நாளில் என் கைக்கு வந்தது. 2017-ல் அதை ட்ராக்கில் ஓட்டுவதற்காகத் தயார் பண்ண ஆரம்பித்தேன். தேய்ந்த சிலிண்டரை (பட்டறை வழக்கில் போர்) கடைந்து அகலப்படுத்தும் ரீபோர் முடிந்து 50.5 மி.மீ. பிஸ்டன் ஏறியிருந்தது. போரின் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் போர்ட்டுகளைத் திருத்தும் போர்ட்டிங் ஆயிற்று, ரேஸ் சைலென்சரான எக்ஸ்பான்ஷன் சேம்பர் மாட்டியாயிற்று. மிச்சம் போரின் மேல் மூடியான ஹெட் மட்டும்தான்.

கோயம்புத்தூரில் ஹெட்டுக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்று: அடிமுகத்தைச் சீவிவிடு, உள்ளே கலவை இன்னும் அமுங்கும், அதாவது கம்ப்ரெஷன் ஏறும். கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எவ்வளவு சீவோணும் தம்பி?"

"பாயிண்ட் ஏழு எம்.எம். எடுத்திருங்கண்ணா."

"அளந்து பாத்தீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?"

யாரோ சொன்னதுதான். அண்ணன் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார், பிறகு வேலையை ஆரம்பித்தார். அந்தக் கேள்விக்கு நான் அன்றே பதில் தேடியிருந்தால் ஒரு பிஸ்டனும் எட்டு மாசமும் மிச்சமாகியிருக்கும்.

வண்டி முதல் நாள் பிரமாதமாக இழுத்தது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டாவது ரவுண்டிலேயே வேறு சத்தம் சேர்ந்துகொண்டது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்தால், சேம்பர் சத்தத்துக்கு அடியில், தகர டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு கிணுகிணுப்பு. நாக்கிங்: பிளக் வைத்த தீ வந்து சேருவதற்குள் கலவை தானாக வெடிக்கிற சத்தம். நிறுத்திப் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள், நடுவில் மினுமினுவென்று அலுமினியப் பொடி. பிஸ்டன் கரைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான கடிதம் கிடையாது.

கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் சின்னதோ என்று மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் ஏற்றினேன். புகை கூடியது, சத்தம் போகவில்லை. அப்போதுதான் அந்த யோசனை வந்தது: கம்ப்ரெஷன் அதிகமாகிவிட்டது, ஹெட்டுக்கும் போருக்கும் நடுவில் இன்னொரு ஹெட் பேக்கிங் சேர்த்துப் போடு, இறங்கிவிடும். சொன்னவர்கள் அனுபவசாலிகள். கணக்கும் சரியாகத்தான் பட்டது. பேக்கிங் தடித்தால் ஹெட் மேலே போகும், மேலே போனால் எரியறையின் கொள்ளளவு கூடும், கூடினால் கம்ப்ரெஷன் குறையும், குறைந்தால் நாக்கிங் நிற்கும். இந்த வரிசையில் முதல் மூன்றும் உண்மை. நாலாவதை நம்பித்தான் ரெட்டைப் பேக்கிங் போட்டேன்.

சத்தம் கொஞ்சம் தணிந்தது. தணிந்ததை நின்றுவிட்டதாக எடுத்துக்கொண்டேன். இழுவை மட்டும் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஹெட்டும் போரும் சேரும் இடத்தில் ஃபின்களுக்கு நடுவே கருப்பாக எண்ணெய் கசிந்து வழிந்தது. இரண்டு பேக்கிங் என்றால் மூன்று முகங்கள் சீல் ஆக வேண்டும், ஒன்று என்றால் இரண்டு. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த ட்ராக் நாளில் முழு மூச்சாக ஓட்டினேன். பத்தாவது ரவுண்டு வாக்கில் வண்டி சோர்ந்தது. வீட்டில் திறந்து பார்த்தால் பிஸ்டன் தலையின் விளிம்பு, எக்ஸாஸ்ட் பக்கம், மணலை வேகமாக அடித்ததுபோல அரித்திருந்தது. மேல் ரிங் காடியில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. நடுத்தலை மட்டும் சுத்தம். சேதம் எல்லாம் விளிம்பில்தான்.

அந்த விளிம்பு என்னை விடவில்லை. கம்ப்ரெஷன் மட்டும்தான் காரணம் என்றால், அதைக் குறைத்த பிறகும் ஏன் விளிம்பில் மட்டும் அடி விழ வேண்டும்?

பதில் வேறொரு இடத்தில் கிடைத்தது. உறவினர் ஒருவரின் டீசல் காருக்கு ஹெட் பேக்கிங் மாற்றும்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மெக்கானிக் புது பேக்கிங்கை வாங்குவதற்கு முன்னால் ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிளாக்கின் முகத்தில் டயல் கேஜை நிறுத்தி, ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, அது பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். பிறகுதான் எந்தத் தடிமன் என்று முடிவு செய்தார். பல டீசல் இன்ஜின்களுக்குக் கம்பெனியே இரண்டு மூன்று தடிமனில் பேக்கிங் தருகிறது. விளிம்பில் உள்ள ஓட்டையையோ வெட்டையோ எண்ணினால் எது எந்தத் தடிமன் என்று தெரியும். கம்ப்ரெஷனை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க அதைத் தருவதில்லை. பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி அவ்வளவு முக்கியம் என்பதால் தருகிறது.

எனக்கு உறைத்தது அங்கேதான். பேக்கிங்கின் தடிமன் முதலில் தீர்மானிப்பது ஓர் இடைவெளியை. கம்ப்ரெஷன் அதன் கூடவே வருகிற விளைவு. நான் விளைவைப் பிடித்துக்கொண்டு இடைவெளியைத் தொலைத்திருந்தேன்.

ஆர்.எக்ஸ். ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் கிண்ணம், அதைச் சுற்றி வளையல்போல ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டைதான் ஸ்குவிஷ். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்பு இந்தப் பட்டையை நெருங்கி, இரண்டுக்கும் இடையில் இருக்கும் பெட்ரோல் காற்றுக் கலவையைப் பிதுக்கிக் கிண்ணத்துக்குள் தள்ளுகிறது. கிண்ணத்தில் கலவை சுழல்கிறது, தீ சீக்கிரம் பரவுகிறது. விளிம்பில் மிஞ்சுகிற மெல்லிய படலம் மேலும் கீழும் உலோகத்தை ஒட்டியே இருப்பதால் சூடு ஏறாமல் தப்பிக்கிறது. இடைவெளி அகன்றுவிட்டால் பிதுக்கல் பலவீனமாகும். விளிம்பில் கணிசமான கலவை தேங்கும். தீ அங்கே போய்ச் சேருவதற்குள் அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடிக்கும். என் பிஸ்டனின் விளிம்பு அரித்ததற்கு அர்த்தம் இதுதான். ரெட்டைப் பேக்கிங் கம்ப்ரெஷனைக் குறைத்தது வாஸ்தவம், அதே கையால் நாக்கிங்குக்கு உட்கார இடமும் போட்டுக் கொடுத்தது.

புதுப் பிஸ்டன் வந்தது. போரில் லேசான கீறல்தான், ஹோனிங்கோடு போயிற்று. இந்தத் தடவை எதையும் அளக்காமல் மூடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

இடைவெளியை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் 2 மி.மீ. சால்டர் கம்பி கிடைக்கும். மெல்லிசுக் கம்பி வாங்க வேண்டாம், இடைவெளியைவிடத் தடியாக இருந்தால்தான் நசுங்கும். இரண்டு துண்டு வெட்டி, பிஸ்டன் தலையில் பிஸ்டன் பின் போகும் திசையில், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று, போரின் சுவரைத் தொடுகிற மாதிரி கிரீஸ் வைத்து ஒட்ட வேண்டும். திசை முக்கியம். முன்னும் பின்னுமாக வைத்தால் பிஸ்டன் பின்னை மையமாக வைத்துச் சாய்ந்துகொடுக்கும், அளவு பொய்யாக வரும். ஒரே பக்கம் மட்டும் வைத்தாலும் அப்படித்தான். ஹெட்டைப் பேக்கிங்கோடு மாட்டி, நாலு நட்டையும் குறுக்கு மாற்றி முழு இறுக்கத்துக்கு இறுக்கி, மேக்னெட் பக்க நட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாக உச்சியைத் தாண்டி ஒரு சுற்று. கையில் ஒரு சின்னத் தடை தெரியும், கம்பி நசுங்குகிறது. திறந்து, சுவரை ஒட்டியிருந்த நுனியை மைக்ரோமீட்டரில் அளந்தால் அதுதான் ஸ்குவிஷ் இடைவெளி. நான் ஒவ்வொரு தடவையும் மூன்று முறை செய்கிறேன். நசுங்கிய நுனிகளைத் தேதி போட்டுப் பழைய நோட்டில் டேப் வைத்து ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

கொள்ளளவுக்கு மருந்துக் கடை சிரிஞ்ச் போதும். பிளக் ஓட்டை நேர் மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்து முட்டுக் கொடுத்து, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, விளிம்பில் கிரீஸ் தடவி, மண்ணெண்ணெயில் கொஞ்சம் 2டி ஆயில் கலந்து, பிளக் மரையின் அடி வரை ஊற்ற வேண்டும். முதல் 8 மி.லி. பெரிய சிரிஞ்சில், மீதி 2 மி.லி. சிரிஞ்சில். சொட்டுச் சொட்டாக விட்டு, காற்றுக் குமிழி வெளியேறக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்க நண்பனிடமிருந்து கை வைக்காத ஒரு ஹெட்டும் இரவல் வாங்கினேன். அதைக் கம்பெனி அளவுப் பேக்கிங் ஒன்றோடு என் போரில் வைத்தபோது இடைவெளி 1.6, கொள்ளளவு 10.2 சி.சி. பயன்படுத்திய பேக்கிங் நசுங்கிய பிறகு 0.5 மி.மீ. நான் சீவிய ஹெட், அதே ஒற்றைப் பேக்கிங்: இடைவெளி 0.9, கொள்ளளவு 8.8. ரெட்டைப் பேக்கிங்: 1.4, 9.8.

பிஸ்டன் தள்ளும் அளவு 50.5 போருக்கும் 50 ஸ்ட்ரோக்குக்கும் 100.15 சி.சி. அதோடு எரியறையைக் கூட்டி எரியறையால் வகுத்தால் கம்ப்ரெஷன் விகிதம். கை வைக்காத ஹெட்டில் 10.8. சீவியபோது 12.4. ரெட்டைப் பேக்கிங்கில் 11.2. ஸ்பெசிஃபிகேஷனில் 6, 7 என்று பார்த்துவிட்டுக் குழம்ப வேண்டாம். டூ ஸ்ட்ரோக்குக்கு ஜப்பான் கம்பெனிகள் எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகு மிஞ்சும் அளவிலிருந்து கணக்கிடுவதால் எண் சின்னதாகத் தெரியும்.

நோட்டில் இந்த எண்களை எழுதி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சீவிய ஹெட்டில் ஒற்றைப் பேக்கிங்கோடு இடைவெளி 0.9. சின்ன இன்ஜினுக்கு அருமையான அளவு. அதாவது முதல் நாள் என்னையும் அறியாமல் சரியான இடைவெளிக்கு வந்துவிட்டேன். கிண்ணம் மட்டும்தான் சின்னதாகிவிட்டது. சேம்பரும் போர்ட்டிங்கும் சேர்ந்து உள்ளே அடைக்கும் கலவைக்கும், அப்போது பங்கில் கிடைத்த சாதாரண 91 ஆக்டேன் பெட்ரோலுக்கும் 12.4 அதிகம். திருத்த வேண்டியது கிண்ணத்தை. நான் திருத்தியதோ பேக்கிங்கை.

மறுபடி அதே லேத் பட்டறை. இந்தத் தடவை அண்ணன் கேட்பதற்கு முன்பே நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "இப்பச் சொல்லுங்க, எங்க எடுக்கோணும்?" என்றார். பட்டையைத் தொடக் கூடாது, கிண்ணத்தின் உள்பக்கம் மட்டும், மொத்தம் 0.6 சி.சி.

ஹெட்டை எப்படிப் பிடிப்பது என்றுதான் எனக்குக் கவலை. அண்ணன் ஒரு பழைய பிளக்கை எடுத்து, பீங்கானை உடைத்து எறிந்து, இரும்பு உடம்பை ஒரு கம்பியோடு வெல்டு வைத்து, அதை லேத்தில் போட்டு நேராக்கினார். ஹெட்டைப் பிளக் மரையிலேயே அதில் முறுக்கிவிட்டார். கிண்ணம் துல்லியமாக மையத்தில் சுற்றியது. கையால் அரைத்த டூலை வைத்து, முடிபோலச் சுருள் சுருளாக எடுத்தார். நான் அங்கேயே சிரிஞ்சும் மண்ணெண்ணெயும் வைத்துக்கொண்டு, ஹெட் வைக்கும் முகத்தில் கண்ணாடித் துண்டை மூடி, எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துச் சொன்னேன். முதல் தடவை 0.3. அடுத்ததில் 0.6. கடைசியாகக் கிண்ணத்துக்கும் பட்டைக்கும் இடையிலுள்ள கூர்முனையை எமெரித் தாளால் நாலு இழுப்பு இழுத்து மழுக்கினார். "அந்த முனை நெருப்பாக் காஞ்சு நின்னுக்கும் தம்பி" என்றார். அவர் படித்துச் சொன்னதல்ல, கண்டு சொன்னது.

மாட்டி அளந்தேன். இடைவெளி ஒரு பக்கம் 0.88, மறுபக்கம் 0.91. கொள்ளளவு 9.4. கம்ப்ரெஷன் 11.65. நான் ரெட்டைப் பேக்கிங் போட்டுக் குறைத்ததைவிட இது அதிகம். அதே பெட்ரோல், அதே ஜெட், அதே இக்னிஷன் டைமிங். செட்டிபாளையத்தில் முழு ஆக்சிலேட்டரில் இருபது ரவுண்டு ஓட்டினேன். கிணுகிணுப்பு இல்லை. பிளக்கின் பீங்கான் சுத்தமான காபி நிறம். இரண்டு தடவை நம்பாமல் கழற்றிப் பார்த்தேன்.

0.9 என்பதை அப்படியே எல்லா வண்டிக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 100, 135 சி.சி. வண்டிகளுக்கு நான் 0.8-லிருந்து 1.0-க்குள் நிற்கிறேன். கனெக்டிங் ராடு வேகத்தில் நீளும், பெரிய பேரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், நாம் கையால் சுற்றி அளப்பதில் இவை எதுவும் வராது. பழைய கிராங்க் என்றால் இன்னும் தாராளமாக விட வேண்டும்.

இடைவெளி ரொம்பக் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் பார்த்தேன். நண்பன் ஒருவன் சிட்டியில் கீழ் இழுவை, அதாவது குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுவை வேண்டும் என்று தன் ஆர்.எக்ஸ். 135-ல் போருக்கு அடியில் போடும் பேஸ் பேக்கிங்கை மெல்லிசாக்கினான். 0.5 மி.மீ. இறங்கியது. போர் இறங்கினால் போர்ட்டுகளும் இறங்கும், 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில் அரை மில்லிமீட்டருக்கு எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் நேரம் கிராங்க் சுற்றும் கணக்கில் 2 டிகிரிக்குச் சற்று மேல் குறையும், கலவை மேலே ஏறும் டிரான்ஸ்ஃபர் போர்ட் 3 டிகிரி வாக்கில். அவன் கேட்ட கீழ் இழுவை அதனால் கிடைக்கும்தான். ஆனால் போரோடு ஹெட்டும் சேர்ந்து இறங்கியதை அவன் கணக்கில் வைக்கவில்லை. ஸ்டார்ட் பண்ணியதும் ஐடிலில் சத்தமில்லை. முறுக்கினால் மட்டும் டக் டக் என்று சுத்தியல் அடி. உடனே நிறுத்தச் சொல்லித் திறந்தோம். பிஸ்டனின் ஓரத்தில் பிறை நிலா மாதிரி பளபளவென்று ஒரு தேய்மானம், ஹெட்டில் அதற்கு நேராக இன்னொன்று. கம்பி வைத்து அளந்தால் 0.4.

அடியில் எடுத்த 0.5-ஐ மேலே கொடுத்தால் போதும் என்று தெரிந்தது. ஆனால் அந்தத் தடிமனில் பேக்கிங் கடையில் இல்லை, ரெட்டைப் பேக்கிங் பக்கம் நான் போவதாக இல்லை. செப்புத் தகடு வாங்கி நாங்களே வெட்டினோம். 1.0 மி.மீ. தகட்டில் பழைய பேக்கிங்கை வைத்துக் கோடு போட்டு, நடு ஓட்டையைப் போரைவிட 1 மி.மீ. பெரிதாக எடுத்தோம். தகடு போருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விளிம்பு காய்ந்து சிவந்து, பிளக்குக்கு முன்பே தீ வைத்துவிடும். வெட்டிய பிறகு கேஸ் அடுப்பில் மங்கிய சிவப்பு வரும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டோம். எஃகு என்றால் இறுகிவிடும். செம்பு துணிபோலத் துவண்டு வரும். மேலே படிந்த கருப்பை நைஸ் எமெரியில் துடைத்து மாட்டினோம். செம்பு அதிகம் நசுங்காது என்பதால் வாங்கும்போது உள்ள தடிமனையே கணக்கில் வைக்கலாம். கடையில் கிடைக்கும் நார்ப் பேக்கிங் நசுங்கும். அதற்குப் புதுசின் தடிமன் உதவாது, பயன்படுத்திக் கழற்றியதை அளக்க வேண்டும். செம்பை ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் மறுபடி காய்ச்ச வேண்டும், இறுகிய செம்பு சீல் ஆகாது. அவன் வண்டியில் இடைவெளி இப்போது 0.9-ல் நிற்கிறது.

இனிமேல் யார் கேட்டாலும் நான் வேலை செய்யும் வரிசை இது. முதலில் பேஸ் பேக்கிங், ஏனென்றால் போர்ட் டைமிங் அங்கே முடிவாகிறது. அது நின்ற பிறகு சால்டர் கம்பி வைத்து அளந்து, இடைவெளிக்காக ஹெட் பேக்கிங்கின் தடிமன். அதுவும் நின்ற பிறகு சிரிஞ்ச் வைத்து அளந்து, கம்ப்ரெஷனுக்காகக் கிண்ணம். பின்னால் இருப்பதை வைத்து முன்னால் இருப்பதைச் சரிக்கட்டப் போனால் மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டிவரும். ஹெட்டைச் சீவுவது தப்பில்லை. இடைவெளி அகலமாக இருந்து, இருக்கிற பேக்கிங் ஏற்கெனவே மெல்லிசாக இருந்தால் சீவத்தான் வேண்டும். அளந்த பிறகு, அளந்த அளவுக்கு.

மாட்டியதும் ட்ராக்குக்கு ஓட வேண்டாம். பத்து நிமிஷம் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, நாலு நட்டையும் குறுக்காக ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். செம்பில் கட்டாயம் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். முதல் ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். இருபது ரவுண்டுக்குப் பிறகு என் ஹெட்டை ஒரு தடவை திறந்தேன். பிஸ்டனின் நடுவில் பழுப்பாகக் கரி, விளிம்பைச் சுற்றி ஸ்குவிஷ் பட்டையின் அகலத்துக்குக் கழுவி விட்டதுபோலச் சுத்தமான ஒரு வளையம். அரிப்பு ஒரு புள்ளி இல்லை. படம் எடுத்து லேத் அண்ணனுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலம் கூப்பிட்டு, பட்டறைக்கு வந்த இன்னொரு பையனின் ஹெட் சீவாமல் மேசையில் கிடக்கிறது, சால்டர் கம்பி எந்த சைஸ் வாங்கச் சொல்லட்டும் என்று கேட்டார்.